பத்தாவது நிமிடம்

செப்டம்பர் 8, திங்கள்

அத்திப்பள்ளம் வந்து சேர்ந்தேன். கம்பெனி கொடுத்த காகிதத்தில் ‘கட்டுப்பாட்டு அறை’ என்று போட்டிருந்தது. வந்து பார்த்தால் வனத்துறையின் பழைய விறகுக் கிடங்கு. வெள்ளையடித்து, ஏசி மாட்டி, இரண்டு மேஜை போட்டிருக்கிறார்கள். ஒரு மேஜையில் போனும் பதிவேடும். இன்னொன்றில் நாற்பத்து மூன்று அங்குலத் திரை, அதில் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் ஒரு கேமரா. யானை நூறு மீட்டருக்குள் வந்தால் அந்தக் கட்டம் சிவப்பாகும், சத்தம் போடும். உட்கார்ந்திருப்பவர் படத்தைப் பார்த்து யானைதான் என்று உறுதி செய்துகொண்டு சுண்டைமேடு ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போன் செய்ய வேண்டும். அவர் வண்டியை நிறுத்துவார், அல்லது மெதுவாக விடச் சொல்வார். இரண்டு வருடத்துக்கு முன்னால் வளைவில் ஒரு தாயும் குட்டியும் அடிபட்டுச் செத்த பிறகு வந்த ஏற்பாடு இது.

எனக்கு இங்கே மூன்று மாத வேலை. எனக்கு முன்னால் இருந்தவன் ஒரு வரிகூட எழுதி வைக்காமல் போய்விட்டான். என்ன செய்தான், எதை மாற்றினான், ஒன்றும் தெரியவில்லை. அப்படி நான் இருக்கப் போவதில்லை. அதற்குத்தான் இந்த நோட்டு.

செப்டம்பர் 9, செவ்வாய்

பகல் பணிக்கு ஒரு பெண். கோகிலவாணி. முப்பத்தைந்து வயது இருக்கும். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை அவள்தான் திரைக்கு முன்னால். வந்ததிலிருந்து கவனித்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மவுஸைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுகிறாள். எதையும் அழுத்துவதில்லை. வெறும் ஆட்டல்.

“எதுக்கு அது?”

“தூங்கிப் போயிருமுங்க சார். பத்து நிமிசம் கை வெக்காம உட்டா கறுப்பாயிரும். அப்பறம் பாஸ்வேர்டு கேக்கும்.”

“எத்தனை நாளா?”

“ஏழு மாசமாங்க.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்குத் தொண்ணூற்றாறு தடவை. எனக்குக் கோபம்தான் வந்தது. “ஒரு நிமிஷ வேலைங்க இது. யாருக்கும் சொல்லணும்னு தோணலையா?”

“தோணுச்சுங்க. முன்ன இருந்த சாருகிட்ட சொன்னோம். அவுங்களும் ஒரு நிமிச வேலைன்னுதான் சொன்னாங்க.”

செப்டம்பர் 10, புதன்

அமைப்புகளுக்குள் போனேன். திரையை அணைக்கும் நேரம்: ‘ஒருபோதும் இல்லை’. தானாகப் பூட்டுதல்: ‘வேண்டாம்’. மூடிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். பத்தாவது நிமிடம் திரை கறுத்தது.

இரண்டாவது தடவை மின்சாரச் சிக்கனப் பகுதியில் இருந்த எல்லாவற்றையும் நிறுத்தினேன். பத்தாவது நிமிடம் கறுத்தது. கோகிலவாணி மவுஸை ஆட்டி, பாஸ்வேர்டைப் போட்டு, பன்னிரண்டு கட்டத்தையும் ஒரு தடவை கண்ணால் துழாவிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்தாள். அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

இன்னொன்றும் கவனித்தேன். எச்சரிக்கைச் சத்தம் வருவது அந்தத் திரைக்குள்ளேயே இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து. திரை தூங்கினால் சத்தமும் தூங்கும். ஆக, கறுத்துவிட்டால் இந்த அறைக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. யாரோ ஒரு முட்டாள் இப்படி அமைத்திருக்கிறான். போனுக்குச் செய்தி போகும் வசதி திட்டத்தின் அடுத்த கட்டத்தில்தான் வருமாம்.

செப்டம்பர் 11, வியாழன்

பிடித்துவிட்டேன். அமைப்புகளில் தெரிவதெல்லாம் மேல்பூச்சு. அதற்குக் கீழே திரையை வரையும் அடுக்குக்குத் தனியாக ஒரு கடிகாரம் இருக்கிறது. அறுநூறு விநாடி. மேலே என்ன சொன்னாலும் அது தன் பாட்டுக்கு எண்ணும். எண்ணி முடித்ததும் திரையை அணைக்கும், பூட்டுக்காரனையும் எழுப்பிவிடும். கறுப்புக் கட்டளைப் பலகையைத் திறந்து இரண்டு வரி அடித்தேன். ஒன்று அந்தக் கடிகாரத்தை நிறுத்த, மற்றது திரைக்குப் போகும் மின்சாரத்தை வெட்டாமல் இருக்க.

பதினொன்று பத்திலிருந்து இரண்டு மணி வரை யாரையும் மவுஸைத் தொடவிடவில்லை. அணையவில்லை.

“ஆச்சு. இனிமேல் ஆட்ட வேண்டாம்,” என்றேன்.

“சரிங்க சார்,” என்றாள். மூன்று மணிக்கு ஆட்டினாள்.

(அந்த இரண்டு வரியும் இப்போதைக்குத்தான் நிற்கும். மெஷினை அணைத்து ஏற்றினால் பழையபடி ஆகிவிடும். தொடக்கக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். நாளை.)

செப்டம்பர் 12, வெள்ளி

ஏழாம் கேமராவின் கம்பியைக் காட்டுப்பன்றி கிழித்துவிட்டது. நாள் முழுக்கக் கம்பத்தின் மேல். முழங்கையில் தோல் உரிந்துவிட்டது.

செப்டம்பர் 15, திங்கள்

இரவுப் பணிக்காரர்கள் கட்டுப்பாட்டு மெஷினில் கிரிக்கெட் பார்த்திருக்கிறார்கள். பன்னிரண்டு கட்டத்துக்கு மேலே பந்து போட்டுக்கொண்டிருந்திருக்கிறான் ஒருத்தன். பாஸ்வேர்டை மாற்றினேன். யாருக்கும் சொல்லப்போவதில்லை. பூட்டே விழாத மெஷினுக்கு இவர்களுக்கு எதற்குப் பாஸ்வேர்டு? மெஷினை ஏற்றினால் அதுவே உள்ளே போய்ப் பன்னிரண்டு கட்டத்தையும் விரிக்கும். பூட்டிக்கொண்டால் மட்டும்தான் கேட்கும், அது இனி பூட்டிக்கொள்ளாது.

பவர் பட்டன் மேல் ஒரு காகிதம் ஒட்டினேன்: ‘என்னைக் கேட்காமல் யாரும் அணைக்கவோ ஏற்றவோ கூடாது. மீறினால் நடவடிக்கை.’ கீழே என் போன் நம்பர்.

வனவர் சிவசண்முகம் வந்து படித்தார். ஐம்பது வயது, இந்த அறைக்குப் பொறுப்பு அவர்தான். “நடவடிக்கைன்னு நீங்களே போட்டுட்டீங்க. அப்ப நான் எதுக்குத் தம்பி?” என்றார். கேலியா கோபமா தெரியவில்லை. காகிதத்தை எடுக்கவும் இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

காலை ஏழே முக்காலுக்கு நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டு ஓடினேன். கோகிலவாணி நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் கட்டம் சிவப்பு. தண்டவாளத்தின் மேலேயே ஏழு யானை. நடுவில் ஒரு குட்டி ஜல்லியில் ஏற முடியாமல் சறுக்கிச் சறுக்கி விழுந்துகொண்டிருந்தது.

அவள் ரிசீவரை எடுத்து, பேசி, வைத்தது பதினோரு விநாடி. நான் எண்ணினேன். “சுண்டமேடுங்களா, அத்திப்பள்ளம். அஞ்சாம் நம்பர். ஏழு உருப்படி. குட்டி இருக்குது. நிறுத்துங்க.” அவ்வளவுதான். பிறகு குட்டி ஏறும் வரை ஐந்தாம் கட்டத்தையே பார்த்திருந்தாள். ஏறிக் கடந்ததும் மறுபடி போன் செய்து விடச் சொன்னாள்.

கெட்டிக்காரிதான். ஆனால் பதிவேட்டில் எழுதி முடித்ததும் கை நேராக மவுஸுக்குப் போயிற்று.

“பதினோரு நாளா எரியுது. இன்னும் என் மேல நம்பிக்கை வரலையா?”

“உங்க மேல இருக்குதுங்க. அது மேலதான் வரல.”

அக்டோபர் 1, புதன், காலை 9.40, பஸ்ஸில்

ஆயுத பூஜை. ஆறு மணிக்கே சிவசண்முகம் ஆட்களை வைத்து அறையைக் கழுவிவிட்டார். ஜீப், வாக்கி டாக்கி, டார்ச், அரிவாள், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். மெஷினுக்கும் வைக்க வேண்டும் என்றார். மின்சாரம் ஓடும்போது ஈரத் துணி போட்டுத் துடைப்பார்களே என்று பயந்து நானே அணைத்து, திறந்து, தூசி தட்டி, பொட்டு வைத்து, 9.04க்கு ஏற்றினேன். பன்னிரண்டு கட்டமும் வந்தது.

தொழில் செய்யும் கருவியைப் பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் காலை மறுபூஜை வரை தொடக்கூடாதாம். இங்கே கருவி என்றால் கீபோர்டும் மவுஸும். “அதைக் கழட்டி சாமிகிட்ட வெச்சா படம் நின்னுருமா தம்பி?” என்று கேட்டார் சிவசண்முகம்.

“நிக்காது. மவுஸே தேவையில்லைன்னு எத்தனை தடவை சொல்றது? எடுத்து வையுங்க,” என்றேன்.

கோகிலவாணி கையிலிருந்து மவுஸை வாங்கித் தாம்பாளத்தில் பொரிகடலைக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் என்னைப் பார்த்தாள். “படம் இருக்கும், போங்க,” என்றேன். ஒன்பது பன்னிரண்டுக்குக் கிளம்பி வெள்ளக்கோவில் பஸ்ஸைப் பிடித்தேன். மூன்று நாள் லீவு. உட்கார இடம் கிடைத்தது.

அக்டோபர் 1, மாலை, வீட்டில்

ஏதோ கலாட்டா ஆகிவிட்டது. திரை பூட்டிக்கொண்டது என்று கோகிலவாணி ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போன் செய்து எக்ஸ்பிரஸை நிறுத்தியிருக்கிறாள். முப்பத்தெட்டு நிமிடம். தண்டவாளத்தை நடந்து பார்த்தார்களாம், யானை இல்லை. பத்து ஐந்துக்குச் சிவசண்முகம் கூப்பிட்டபோது பாஸ்வேர்டைச் சொன்னேன். அவரே தட்டினார், திறந்துகொண்டது.

எனக்கு ஆறு தடவை போன் செய்தாளாம். பஸ்ஸில் நெட்வொர்க் இல்லை.

சிவசண்முகம் சொன்னார்: “பூஜையில வெச்சதை எடுத்து மாட்டியிருக்கா தம்பி. புடுங்கி மாட்டுனதுல என்னமோ ஆயிருச்சு போல.”

“இருக்கலாம்,” என்றேன்.

அக்டோபர் 3, வெள்ளி

ஒரு நாள் முன்னதாகவே திரும்பிவிட்டேன். அந்த இரண்டு வரியைத் தொடக்கக் கோப்பில் எழுதினேன். மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

மத்தியானம் சிவசண்முகத்தின் மேலதிகாரி, ரேஞ்சர், கூப்பிட்டார். ரயில்வே கடிதம் போட்டிருக்கிறது. யானை இல்லாமல் யானை எச்சரிக்கை, பொய்த் தகவல், நடவடிக்கை வேண்டும். “இன்ஜினியர், சிஸ்டம் எப்படி இருக்குன்னு ஒரு ரிப்போர்ட் குடுத்துருங்க.”

எழுதிக் கொடுத்தேன். ‘03.10 அன்று ஆய்வு செய்ததில் திரை, கேமராக்கள், எச்சரிக்கை ஒலி அனைத்தும் சரியாக இயங்குகின்றன.’ இதில் பொய் எதுவும் இல்லை.

அக்டோபர் 4, சனி

கோகிலவாணியைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பதினாலாம் தேதி விசாரணை. ரயில்வேயிலிருந்து பாதுகாப்பு அதிகாரி வருகிறார். தப்பு அவள் மேல் என்று ஆனால் வேலை போய்விடும். தினக்கூலிப் பணியாளருக்கு மெமோ எல்லாம் கிடையாது. வர வேண்டாம் என்று சொன்னால் முடிந்தது.

கம்பெனியிலிருந்து என் மேலாளர் முரளிதரன் பேசினார். “நம்ம சைடுல ஃபால்ட்னு எதுவும் எழுதிக் குடுத்துடாத. அடுத்த கட்டத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகிற நேரம். ரிப்போர்ட் கிளீனா இருக்குல்ல?”

“கிளீனா இருக்கு சார்.”

அக்டோபர் 6, திங்கள்

பகலும் சேர்த்து மாணிக்கராஜ் பார்க்கிறான். இரவுப் பணிக்காரர்களில் ஒருத்தன். அவன் மவுஸை ஆட்டுவதில்லை. நான்கு மணி நேரத்தில் இரண்டு தடவை தலை சாய்ந்தது. மூன்றாவது தடவை நான் மேஜையைத் தட்டினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மெஷின் தானாக எழுதி வைக்கும் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். சும்மா, தெரிந்துகொள்ள.

9.04 மெஷின் ஏறியது. 9.07 மவுஸ், கீபோர்டு கழற்றப்பட்டன. 9.16 பூட்டு விழுந்தது. 9.17 கீபோர்டு மாட்டப்பட்டது. 9.17 தவறான பாஸ்வேர்டு. 9.18 தவறு. 9.18 தவறு. இப்படியே 9.29 வரை பதினாலு தடவை. பழைய பாஸ்வேர்டைத்தான் போட்டிருப்பாள். வேறு எது அவளுக்குத் தெரியும்?

பூட்டு விழுந்த பிறகுதான் கீபோர்டு மாட்டப்பட்டிருக்கிறது. பிடுங்கி மாட்டியதால் வந்த கோளாறு இல்லை.

பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி ஏற்றியிருந்தால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் திரும்ப வந்திருக்கும். ஏன் அழுத்தவில்லை என்று யோசித்தேன். தலையைத் தூக்கினால் என் காகிதம்.

பிறகு போனை எடுத்து அன்றைய அழைப்புகளைப் பார்த்தேன். 9.19, 9.21, 9.24, 9.27, 9.30, 9.33.

9.34க்கு அவள் சுண்டைமேட்டுக்குப் பேசியிருக்கிறாள். எக்ஸ்பிரஸ் வளைவுக்கு வரும் நேரம் 9.41.

அக்டோபர் 8, புதன்

நெட்வொர்க் இருந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

அடிவாரத்து ரேஷன் கடையில் அவளைப் பார்த்தேன். நான் ஏடிஎம்முக்குப் போய்க்கொண்டிருந்தேன். வரிசையில் பையோடு நின்றிருந்தாள். வண்டியைத் திருப்பியிருப்பேன், அவள் பார்த்துவிட்டாள். வரிசையை விட்டு வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“சார், ஒன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. நான் எதைத் தப்பா தட்டுனேன்? பதினாலு தடவ போட்டேன். கை நடுங்குச்சுங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா ஒவ்வொரு எழுத்தா பாத்துத்தான் தட்டுனேன்.”

“நீங்க தப்பா தட்டல. பாஸ்வேர்டை மாத்தியிருந்தேன்.”

“எப்பங்க?”

“போன மாசம்.”

பின்னால் யாரோ, “ஏனுங்க அக்கா, வரிசையில நிக்கறீங்களா இல்லீங்களா?” என்றார்கள். அவள் திரும்பாமல் கையை மட்டும் காட்டினாள்.

“அப்ப அந்த ரிப்போர்ட்டுல அதை எழுதுனீங்களா?”

“அது மூணாம் தேதி நிலவரம்...”

“எழுதலீங்க.”

“இல்ல.”

“பட்டனை அமுக்கலாம்னு கை போச்சுங்க. நீங்க ஒட்டி வெச்சிருந்தீங்களே, கேக்காம தொடாதேன்னு. அதுதான் கேக்கறதுக்குக் கூப்புட்டேன்.”

எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். “யானை இருக்குன்னு எதை வெச்சு முடிவு பண்ணுனீங்க?”

“இருக்குதுன்னு யார் சொன்னா? தெரியலீன்னு சொன்னேன். வண்டி ஓட்டறவருக்கு நாந்தானுங்களே கண்ணு. கண்ணுல தூசி உழுந்தா நிக்கோணும். நின்னு, தொடச்சுட்டுப் போகோணும்.” பையைத் தோளில் மாட்டினாள். “சாமி சாமானை எடுத்துட்டேன்னு வனவர் வேற மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. அதுக்குச் சாமி என்னைக் கேக்கட்டும், நான் பேசிக்கறேன். இவுங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் தெரியல.”

வரிசைக்குத் திரும்பிப் போனாள். அவள் இடம் போய்விட்டிருந்தது. கடைசியில் போய் நின்றாள்.

அக்டோபர் 11, சனி

அந்தப் பதிவுகள் முப்பது நாள்தான் மெஷினில் இருக்கும். பிறகு தானாக அழிந்துவிடும். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பேசினால் என்ன ஆகும் என்று முரளிதரனிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். “உன்னைத் திருப்பிக் கூப்பிட்டுக்க வேண்டியிருக்கும். அப்புறம் உன்னை எங்க போடுறதுன்னு யோசிக்கணும்,” என்றார். சாப்பிட்டாயா என்றும் கேட்டார்.

ஒன்றாம் தேதி எழுதியதைத் திருப்பிப் படித்தேன். நெட்வொர்க் இல்லை என்று எனக்கு நானே எழுதி வைத்திருக்கிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்? அன்றைக்குப் பஸ்ஸில் நான் தூங்கவுமில்லை. மடியில் இந்த நோட்டுதான் இருந்தது, உட்கார இடம் கிடைத்ததைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். முதல் அழைப்பிலேயே பெயரைப் பார்த்தேன். மவுஸைப் பற்றிப் புலம்பப் போகிறாள் என்று நினைத்தேன். போனைத் தொடைமேல் கவிழ்த்து வைத்தேன். ஆறு தடவை அதிர்ந்தது. சிவசண்முகம் என்று வந்தபோதுதான் எடுத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

தொடக்கக் கோப்பிலிருந்து அந்த இரண்டு வரியை நீக்கிவிட்டேன். பாஸ்வேர்டையும் யாருக்கும் சொல்லாமல் மறுபடி மாற்றினேன். காலையில் ஒரு தடவை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். மாணிக்கராஜிடம் பேசிவிட்டேன். நாளை பத்தரையிலிருந்து அவனும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இரண்டு பேரும் வாக்கி டாக்கியோடு வளைவில் நிற்பார்கள். எதற்கு என்று கேட்டான். வேலை என்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

விசாரணையைக் கட்டுப்பாட்டு அறையிலேயே வைத்தார்கள். ரேஞ்சர், சிவசண்முகம், ரயில்வே பாதுகாப்பு அதிகாரி வில்சன், கோகிலவாணி, நான். வில்சன் ஓய்வு பெறும் வயதுக்காரர். கத்தவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது கத்துவதைவிட மோசம்.

“யானையே இல்லாம எக்ஸ்பிரஸை எப்படிம்மா நிறுத்தலாம்?”

“இருக்குதுன்னு சொல்லலீங்க. திரை கறுத்துப்போச்சு, எனக்குத் தெரியலீன்னு சொன்னேன்.”

“தெரியலைன்னா வண்டியை நிறுத்துறதா? அப்படிப் பார்த்தா எந்த வண்டியும் ஓடாது. அதுவும் இன்ஜினியர் ரிப்போர்ட்ல திரை நல்லா இருந்ததா இருக்கே.” காகிதத்தைத் தட்டி என் பக்கம் திரும்பினார். “இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா சார். அது மூணாம் தேதி திரையைப் பத்தினது. ஒண்ணாம் தேதி திரை எப்படி இருந்ததுன்னு எங்கிட்ட யாரும் கேக்கல, நானும் சொல்லல. இப்ப காட்டறேன்.”

ரேஞ்சர் என்னைப் பார்த்த பார்வையில் முரளிதரனும் இருந்தார். மெஷினை அணைத்து ஏற்றினேன். பன்னிரண்டு கட்டமும் விரிந்தது. மவுஸையும் கீபோர்டையும் கழற்றி மேஜை ஓரத்தில் வைத்தேன். மணி 10.41.

“பத்து நிமிஷம் யாரும் எதையும் தொட வேண்டாம். பார்த்துட்டு மட்டும் இருங்க.”

வில்சன் டீ குடித்தார். ரேஞ்சர் போனை நோண்டினார். ஐந்தாவது நிமிடம் சிவசண்முகம், “நல்லாத்தானே இருக்குது தம்பி?” என்றார். கோகிலவாணியின் வலது கை மடியிலிருந்து மேஜைக்கு வந்தது, மறுபடி மடிக்குப் போனது.

ஒன்பதாவது நிமிடம், ஒன்பதாம் கட்டத்தின் இடது ஓரத்தில் மூங்கில் அசைந்தது. ஒரு தடவை லேசாக. பிறகு பலமாக. ரேஞ்சர் போனைக் கீழே வைத்தார். வில்சன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார். “அது என்ன?”

திரை கறுத்தது.

ஏசி ஓடும் சத்தம் மட்டும். வில்சன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். 10.51. சுண்டைமேட்டிலிருந்து பாசஞ்சர் கிளம்பும் நேரம் 10.56. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

“திறங்க,” என்றார்.

கீபோர்டை மாட்டி அவர் முன்னால் நகர்த்தினேன். “போடுங்க சார்.”

“பாஸ்வேர்டு?”

“அது எனக்கு மட்டும்தான் தெரியும். யாருக்கும் சொல்லாம மாத்திட்டேன். அன்னைக்கும் இப்படித்தான், பூட்டு விழுந்தப்ப நான் பஸ்ல இருந்தேன். இவங்க ஆறு தடவை கூப்பிட்டாங்க. பேரைப் பார்த்துட்டு நான் எடுக்கல.”

“தம்பி, விளையாடற நேரமா இது? அந்த மூங்கில்ல என்னமோ நிக்குது,” என்றார் வில்சன்.

“நிக்கலாம் சார்.”

அவர் கை பவர் பட்டனுக்குப் போனது. காகிதத்தைப் படித்தார். “இதை யாரு ஒட்டுனது?”

“நான்தான்.”

10.53. ரேஞ்சர் எழுந்து, “போதும், திற,” என்றார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வளைவில் மூன்று பேர் நிற்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோகிலவாணி போனையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

10.54. வில்சன் ரிசீவரை எடுத்தார்.

“சுண்டைமேடா? வில்சன் பேசறேன். அந்தப் பாசஞ்சரைப் பிடிச்சு வையுங்க. ஸ்டார்ட்டர் சிக்னல் குடுக்காதீங்க... யானையா? தெரியல... இல்லய்யா, இருக்குன்னு சொல்லல. தெரியலைன்னுதான் சொல்றேன். பிடிச்சு வையி.”

ரிசீவரை வைத்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். கை அதன் மேலேயே இருந்தது.

பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தேன். ஒன்பதாம் கட்டத்தில் மூங்கில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. காற்று. யானை இல்லை. வாக்கி டாக்கியில் மாணிக்கராஜும் அதையே சொன்னான். பாசஞ்சர் நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

வில்சன் பேனாவை எடுத்தார். எழுதி முடிக்கும் வரை தலையைத் தூக்கவில்லை. சிவசண்முகம் மெதுவாக, “அந்த மவுஸ்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். வெளியே போகும்போது கோகிலவாணிக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என்னோடு யாரும் பேசவில்லை. முரளிதரன் மட்டும் பேசினார். ஒரு நிமிடம்கூட இல்லை.

அக்டோபர் 15, புதன்

இன்று மாலைக்குள் ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வேறு ஆள் வருகிறான்.

கோகிலவாணி எட்டு மணிக்கு வந்தாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். நடுவில் விட்டுப்போன நாட்களை ஒரு கோடு போட்டு அடைத்தாள். இரண்டு வரியையும் தொடக்கக் கோப்பில் சேர்த்து, அவள் கண் முன்னால் ஏற்றி இறக்கினேன். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி அவளிடமும் சிவசண்முகத்திடமும் கொடுத்தேன். பவர் பட்டன் மேலிருந்த காகிதத்தைக் கிழித்தேன். பசை போகவில்லை.

எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்று தோன்றியது. கீழே ஓடும் கடிகாரம், பூட்டு, எந்த வரி எதை நிறுத்துகிறது, நான் எதைச் சொல்லியிருக்க வேண்டும், எப்போது சொல்லியிருக்க வேண்டும் என்று திரைக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டே போனேன். மன்னிப்பு என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

“கொஞ்சம் நவுருங்க சார்,” என்றாள். “நாலாம் நம்பர் மறைக்குது.”

நகர்ந்தேன்.